கையெழுத்துப் போடுமுன் கிணற்றைப் பாருங்கள்

சென்ற மாதம் நம் சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு உறுப்பினர் குடும்பம் ஒன்று ஒரு கேள்வியோடு வந்தது. ஊரில் மின்நிலையம் ஒன்றுக்காக நிலம் எடுக்கப் போகிறார்களாம். அண்ணன் தம்பி நால்வருக்கும் பொதுவான இரண்டு ஏக்கர் புஞ்சையும் அதில் அடக்கம். நான்கில் ஒரு பங்கு ஹவுராவில் லேத் பட்டறையில் வேலை செய்யும் நம் நண்பருக்கு உரியது. “நீ கையெழுத்துப் போட்டு அனுப்பினால் போதும், பணம் வங்கிக்கு வந்துவிடும்” என்று ஊரிலிருந்து செய்தி. அவரது துணைவியார் எழுந்து ஒன்று கேட்டார்: “நிலத்துக்கு விலை சொல்கிறார்கள். எங்கள் மாமனார் வீடும் அதன் கிணறும் எடுக்கிற நிலத்துக்கு வெளியே இருக்கின்றன. நாளைக்கு அந்தக் கிணற்றுத் தண்ணீர் கெட்டுப் போனால் யார் பதில் சொல்வார்கள்?”

அன்று எங்களால் அந்த அம்மாளுக்கு நேரான பதில் சொல்ல முடியவில்லை. இந்தக் கட்டுரை அந்தப் பதிலைத் தேடும் முயற்சி. ஊரில் துண்டு நிலமும் கிணறும் வைத்துவிட்டு இங்கே வந்து உழைக்கும் குடும்பங்கள் நம்மில் பல. இன்று ஒரு வீட்டுக்கு வந்த செய்தி நாளை இன்னொரு வீட்டுக்கும் வரலாம்.

ரூப்நாராயண் பாலத்தைத் தாண்டும்போது

வெகுதூரம் போக வேண்டாம். ஷாலிமாரிலிருந்து பிற்பகலில் புறப்படும் கோரமண்டலில் ஏறி உட்காருங்கள். உலுபேரியா, பாக்னான், தேவுல்டி கழிந்ததும் ரூப்நாராயண் நதிப் பாலம் வரும். தேவுல்டிக்கு அருகே சாம்தாபேரில்தான், ‘தேவதாஸ்’ எழுதிய சரத் சந்திரர் வாழ்ந்த வீடு ஆற்றங்கரையோரம் இருக்கிறது. பாலத்தைத் தாண்டினால் கோலாகாட், அடுத்தது மேச்சேதா. அங்கே நாம் பார்க்கும் புகைபோக்கிகள்தான் கோலாகாட் அனல் மின்நிலையம். ஹவுராவிலிருந்து ஏறத்தாழ 60 கிலோமீட்டர். ஒவ்வொன்றும் 210 மெகாவாட் திறனுள்ள ஆறு அலகுகள், மொத்தம் 1260 மெகாவாட் என்று 1980களிலும் 1990களிலும் கட்டப்பட்டது. பழைய அலகுகள் சில இன்று மூடப்பட்டுவிட்டன.

ஊருக்குப் போகும் மகிழ்ச்சியில் பிள்ளைகளுக்கு அந்தப் புகைபோக்கிகளை விரல் நீட்டிக் காட்டியிருக்கிறோம். அதன் அடியில் வாழும் மக்களைப் பற்றி நினைத்ததில்லை. அவர்கள் வெற்றிலைக் கொடிக்காலும் பூத்தோட்டமும் வைத்து வாழ்பவர்கள். பூஜைக்கு நாம் வாங்கும் செண்டுமல்லியும் சாமந்தியும் பெரும்பாலும் அந்தப் பக்கத்திலிருந்து கோலாகாட் பூச்சந்தை வழியாக வருபவைதான்.

நம் நாட்டு நிலக்கரியில் சாம்பல் மிகுதி. நூறு கிலோ எரித்தால் முப்பது முதல் நாற்பது கிலோ வரை சாம்பல் மிஞ்சும். அதில் ஒரு பகுதி காற்றில் பறந்து இலையிலும் பூவிலும் படியும். பெரும்பகுதியைத் தண்ணீரில் கரைத்துக் குழாய் வழியே கொண்டுபோய்ச் சாம்பல் குளங்களில் கொட்டினார்கள். நிலக்கரிக்குள் இயற்கையாகவே நுண்ணளவில் ஆர்சனிக், ஈயம், பாதரசம் போன்றவை உண்டு. கரி எரிந்து போனபின் அவற்றில் பல சாம்பலில் செறிந்து நிற்கின்றன. குளத்தின் அடித்தளம் சரியாகப் பூசப்படாவிட்டால் மழைக்கு மழை அவை மண்ணுக்குள் இறங்கும். மண்ணுக்குள் இறங்கியது ஒருநாள் கிணற்றுக்கு வந்துதானே ஆக வேண்டும்? கோலாகாட்டைச் சுற்றியுள்ள மண்ணையும் நீரையும் ஆராய்ந்த கரக்பூர் ஐ.ஐ.டி. ஆய்வாளர்கள் சாம்பலிலிருந்து உலோகங்கள் கசிந்து பரவுவதை 2005-ஐ ஒட்டிய ஆண்டுகளிலேயே எழுதிவிட்டார்கள்.

இங்கே ஒரு சிக்கலையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். வங்காளத்தின் நிலத்தடி நீரில் இயற்கையாகவே ஆர்சனிக் உண்டு. 1983-ல் கல்கத்தா வெப்பமண்டல மருத்துவப் பள்ளிக்கு வந்த நோயாளிகளின் தோலில் இருந்த புள்ளிகளைப் பார்த்துத்தான் முதலில் அது கண்டுபிடிக்கப்பட்டது. பளிங்குபோலத் தெளிந்த ஆழ்குழாய்த் தண்ணீரை “நல்ல தண்ணீர்” என்று நம்பிக் குடித்தவர்கள் அவர்கள். ஆர்சனிக் பாதிப்புக்கு உள்ளான மாவட்டங்களில் நாம் வாழும் ஹவுராவும் ஒன்று. ஆகவே மின்நிலையத்துக்குப் பக்கத்தில் ஒருவர் “என் தண்ணீரில் நஞ்சு கலந்துவிட்டது” என்று சொன்னால், “அது பூமியிலேயே இருந்தது, எங்கள் சாம்பலால் வந்ததல்ல” என்று பதில் சொல்வது மிகவும் எளிது. மின்நிலையம் வருமுன் அந்தக் கிணற்று நீர் எப்படி இருந்தது என்று யாராவது சோதித்து எழுதி வைத்திருந்தால் அல்லவா உண்மை தெரியும்? ஏழையின் கிணற்றுக்கு அப்படி ஒரு கணக்கை யாரும் எழுதி வைப்பதில்லை.

கிணற்றில் பிறந்த நெய்வேலி

நம் ஊர்ப் பக்கம் வருவோம். நெய்வேலியின் கதையே ஒரு கிணற்றில்தான் தொடங்குகிறது. 1930களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு தோண்டியபோது தண்ணீரோடு கறுப்பாக ஏதோ வருவதைக் கண்டு அரசுக்குத் தெரிவித்தார். 1956-ல் நிறுவனம் உருவாயிற்று. 1957-ல் பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். 1962-ல் சோவியத் உதவியோடு முதல் மின் அலகு ஓடத் தொடங்கியது. தமிழகத்துக்கு வெளிச்சம் கொடுத்த ஊர் அது. அதை நாம் மறுக்கவில்லை.

ஆனால் அந்தப் பழுப்பு நிலக்கரிக்குக் கீழே என்ன இருக்கிறது என்பதை எண்ணிப் பாருங்கள். அங்கே இருப்பது பெரும் நிலத்தடி நீர்த்தேக்கம். சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோ வரை அழுத்தத்தோடு அது மேல்நோக்கி முட்டுகிறது. ஒருகாலத்தில் அந்த வட்டாரத்தில் குழாய் இறக்கினால் மோட்டார் இல்லாமலேயே தண்ணீர் பொங்கி வழிந்தது இந்த அழுத்தத்தினால்தான். சுரங்கம் வெட்டும்போது இந்த நீரை இறைத்து அழுத்தத்தைக் குறைக்காவிட்டால், சுரங்கத்தின் தரையே பிளந்து வெள்ளம் உள்ளே வந்துவிடும். ஆகவே இரவும் பகலும் இறைக்க வேண்டும். சுரங்கத் தொழிலாளியின் உயிர் அதில் இருக்கிறது. விவசாயியின் ஊற்றுக் கிணறும் அதில்தான் இருக்கிறது. தானாகப் பொங்கிய இடத்தில் இன்று ஆழக் குழாய் இறக்கி, பெரிய மோட்டார் வைத்து இழுக்க வேண்டியிருக்கிறது. அந்தக் குழாய்க்கும் மோட்டாருக்குமான செலவு எந்த மின்சாரக் கணக்கிலாவது எழுதப்படுகிறதா?

2023 ஜூலையில் வளையமாதேவியில் நடந்ததை நாம் மறக்கலாகாது. பரவனாற்று மாற்றுக் கால்வாய்க்காக, நிலத்தில் நின்ற நெற்பயிரின் மீது மண்வெட்டி இயந்திரங்கள் இறங்கின. அந்த நிலம் பல ஆண்டுகளுக்கு முன்பே சட்டப்படி எடுக்கப்பட்டதுதான். ஆனால் அதுவரை நிறுவனம் அதைக் கைவசப்படுத்தாததால் விவசாயிகள் உழுது பயிரிட்டு வந்தார்கள். வழக்கு சென்னை உயர்நீதிமன்றத்துக்குப் போயிற்று. அழிந்த பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் கொடுக்கும்படி நீதிமன்றம் உத்தரவிட்டது. அறுவடை வரை பொறுத்திருந்தால் அந்த வழக்கே வந்திருக்காது.

அடுத்த மாதமே பூவுலகின் நண்பர்கள் அமைப்பும் மந்தன் அத்யயன் கேந்திராவும் சேர்ந்து, நெய்வேலியைச் சுற்றியுள்ள நீரையும் மண்ணையும் சோதித்து அறிக்கை வெளியிட்டன. சில இடங்களில் பாதரசம் வரம்பைப் பல மடங்கு தாண்டியிருக்கிறது என்றது அந்த அறிக்கை. குடிநீரில் பாதரசத்துக்கு அனுமதி லிட்டருக்கு 0.001 மில்லிகிராம் மட்டுமே. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே முன்வந்து இதை வழக்காக எடுத்துக்கொண்டது. முதல் அலகு ஓடத் தொடங்கிய 1962-லிருந்து கணக்கிட்டால், கிணற்று நீரைப் பற்றிய கேள்வி அந்தத் தீர்ப்பாயத்தின் மேசைக்கு வர 61 ஆண்டுகள் ஆகியிருக்கின்றன.

சுன்னாகம் சொல்லும் பாடம்

கடலுக்கு அப்பால் நம் உறவுகளின் ஊர் ஒன்றில், கிணற்றுக்காகவே ஒரு வழக்கு நடந்து தீர்ப்பும் வந்திருக்கிறது. அதை ஒவ்வொரு தமிழ்க் குடும்பமும் தெரிந்துகொள்ள வேண்டும்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் பெரிய ஆறு கிடையாது. மழைநீர் சுண்ணாம்புப் பாறையின் துளைகளுக்குள் இறங்கித் தேங்கி நிற்கிறது. குடிப்பது, குளிப்பது, தோட்டத்துக்கு இறைப்பது எல்லாம் கிணற்றிலிருந்துதான். சுன்னாகத்தில் பல பத்தாண்டுகளாகவே ஒரு மின்நிலையம் உண்டு. போர் முடிந்த காலத்தை ஒட்டி, நொதர்ன் பவர் என்ற தனியார் நிறுவனம் அங்கே எண்ணெயில் ஓடும் மின்நிலையம் நடத்தத் தொடங்கியது. சில ஆண்டுகளில் சுற்றுவட்டாரக் கிணறுகளில் எண்ணெய் மிதக்கத் தொடங்கிற்று. அரசின் நீர்வழங்கல் சபை 2013-லும் 2014-லும் 150 கிணறுகளைச் சோதித்ததில் 109 கிணறுகளில் எண்ணெயும் மசகும் வரம்பைத் தாண்டியிருந்தன. கிணற்றடியில் வாழ்ந்த மக்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு தண்ணீர் வண்டிக்காகத் தெருவில் நின்றார்கள். 2015-ன் தொடக்கத்தில் மல்லாகம் நீதிமன்றம் மின்நிலையத்தின் ஓட்டத்தை நிறுத்தி வைத்தது.

“போர்க்காலத்தில் பழைய எண்ணெய்த் தாங்கிகளிலிருந்து ஒழுகியதுதான் இது, எங்கள் எண்ணெய் அல்ல” என்ற வாதம் அங்கும் எழுந்தது. வங்காளத்தில் “பூமியின் ஆர்சனிக்” என்று சொல்வதைப் போலவே! ஆனால் உச்ச நீதிமன்றம் அந்த வாதத்தோடு நின்றுவிடவில்லை. 2019 ஏப்ரல் 4 அன்று வந்த தீர்ப்பில், மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற நெறியின்படி, நிறுவனம் 2 கோடி இலங்கை ரூபாய் இழப்பீடு கொடுக்க வேண்டும் என்று கூறியது. குறைந்தது 500 பேருக்கு, ஒருவருக்கு அதிகபட்சம் 40,000 ரூபாய். கண்காணிக்க வேண்டிய சுற்றாடல் அதிகார சபையும் முதலீட்டுச் சபையும் தம் கடமையில் தவறின என்றும் நீதிமன்றம் கண்டது.

இந்த வழக்கில் நாம் கவனிக்க வேண்டியவை இரண்டு. ஒன்று, வழக்கை நடத்தியவர் ரவீந்திர காரியவசம் என்ற சிங்களச் சூழலியலாளர். தமிழரின் கிணற்றுக்காக ஒரு சிங்களர் நீதிமன்றப் படி ஏறினார். கெட்ட தண்ணீர் மொழி பார்த்துக் குடலுக்குள் இறங்குவதில்லை என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. கோலாகாட்டின் வங்காள விவசாயியின் கிணற்றைப் பற்றி ஹவுராத் தமிழன் ஏன் பேச வேண்டும் என்று கேட்பவர்களுக்கு இதுவே நம் பதில்.

இரண்டாவது, அந்த 40,000 ரூபாய். நீதி கிடைத்தது, மகிழ்ச்சிதான். ஆனால் அந்தப் பணத்தில் ஒரு கிணற்றை இறைத்துத் துப்புரவு செய்யலாம். சுண்ணாம்புப் பாறையின் ஆயிரம் துளைகளுக்குள் ஊறிப்போன எண்ணெயை யார் இறைப்பது? வளையமாதேவியில் ஏக்கருக்கு 40,000, சுன்னாகத்தில் ஆளுக்கு 40,000. இரண்டும் வெவ்வேறு நாட்டு ரூபாய்கள். இரண்டுமே கெடுதல் நடந்து முடிந்த பின் கொடுக்கச் சொன்னவை. ஆகவேதான், கேட்க வேண்டியதைக் கையெழுத்துக்கு முன்பே கேட்க வேண்டும் என்கிறோம்.

மின்சாரம் வேண்டாமா?

இதைப் படித்ததும் நம் தோழர்கள் சிலர் கேட்பார்கள்: “மின்சாரம் நின்றால் பெலிலியஸ் ரோட்டில் லேத் ஓடுமா? வார்ப்படச் சாலை ஓடுமா? நமக்குக் கூலி எங்கிருந்து வரும்?” நியாயமான கேள்வி. ஊரில் கிணற்றுக்குப் பம்புசெட் ஓட்டுவதற்கும் மின்சாரம்தான் வேண்டும். மின்நிலையத்துக்குள் வேலை செய்பவர்களும் உழைப்பாளிகள்தாம். 2020-ல் நெய்வேலியில் கொதிகலன் வெடித்தபோது கருகி மாண்டவர்கள் தொழிலாளர்கள்தாம், அவர்களில் ஒப்பந்தத் தொழிலாளர்களும் உண்டு. ஆகவே விவசாயியையும் மின் தொழிலாளியையும் எதிரெதிராக நிறுத்துகிறவர்களின் பேச்சில் நாம் மயங்கலாகாது.

நாம் கேட்பது வேறு. நகரத்துக்கு ஒரு யூனிட் மின்சாரம் இவ்வளவு மலிவாகக் கிடைக்கிறது என்கிறார்களே, அந்தக் கணக்கில் கெட்டுப்போன கிணற்றின் விலை சேர்ந்திருக்கிறதா? சேரவில்லை என்றால் அந்த மலிவுக்குக் காசு கொடுப்பவர் யார்? சாம்பல் குளத்துக்குப் பக்கத்தில் தண்ணீரை விலைக்கு வாங்கிக் குடிக்கும் குடும்பம்தான். தில்லியிலோ கல்கத்தாவிலோ யாரும் அதற்காக ஒரு காசு கூடுதலாகக் கொடுப்பதில்லை.

இன்னொன்று. நிலம் உள்ளவனுக்கு இழப்பீடு என்ற பெயரில் ஏதோ வருகிறது. அந்த நிலத்தில் நடவு நட்ட பெண்ணுக்கு? குத்தகைக்கு உழுதவனுக்கு? வாய்க்காலில் மீன் பிடித்தவனுக்கு? 2013-ஆம் ஆண்டு நிலம் எடுப்புச் சட்டம் இவர்களையும் பாதிக்கப்பட்ட குடும்பங்கள் என்றே ஏற்றுக்கொள்கிறது. மூன்று ஆண்டுகள் அங்கே வேலை செய்து பிழைத்திருந்தால் அவர்களுக்கும் மறுவாழ்வு உண்டு. கிராமப்புற நிலத்துக்குச் சந்தை விலையைப்போல் நான்கு மடங்கு வரை கொடுக்க வழி செய்தது அந்தச் சட்டம். நிலம் எடுக்குமுன் சமூகத் தாக்க மதிப்பீடு செய்ய வேண்டும் என்றும் சொன்னது. ஆனால் தமிழக அரசு திருத்தம் கொண்டுவந்து, தொழில் நோக்கங்களுக்காக மாநிலச் சட்டப்படி எடுக்கும் நிலத்துக்கு அந்த மதிப்பீட்டிலிருந்து விலக்கு அளித்துக்கொண்டது. உயர்நீதிமன்றம் 2019-ல் அது செல்லாது என்றது. அரசு உடனே புதிய சட்டம் இயற்றிற்று. 2021-ல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டது. “இந்த ஊருக்கு என்ன நேரும்?” என்று முன்கூட்டியே கேட்கும் கடமை அப்படித்தான் சட்டத்திலிருந்து கழன்றது.

நாம் வாழும் இந்த மாநிலத்தைப் பாருங்கள். சிங்கூரில் 2006-ல் எடுத்த 997 ஏக்கரைத் திருப்பிக் கொடுக்கும்படி 2016-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. கோலாகாட் இருக்கும் அதே மாவட்டத்தில்தான் நந்திகிராமம் இருக்கிறது. 2007 மார்ச் 14 அன்று அங்கே துப்பாக்கிச் சூட்டில் 14 பேர் உயிர் கொடுத்தார்கள். நிலத்துக்காக வங்காள விவசாயி செய்தது நம் கண்ணெதிரே நடந்த வரலாறு. ஆனால் அங்கும் பேச்சு நிலத்தோடு நின்றது, தண்ணீருக்கு இன்னும் வரவில்லை. வேலிக்கு உள்ளே போகும் நிலத்துக்கு விலை பேசுகிறார்கள். வேலிக்கு வெளியே நிற்கும் கிணறு யார் கணக்கிலும் இல்லை. அந்த அம்மாள் கேட்டது இதைத்தான்.

நாம் செய்யக்கூடியவை

முதலில், கிணற்றுக்கு ஒரு சாட்சி வேண்டும். மின்நிலையம் வரப்போகிறது என்று கேள்விப்பட்டவுடனேயே, முதல் செங்கல் வைக்குமுன், சுற்றுவட்டாரக் கிணறுகள் அனைத்தின் நீரையும் சோதித்து முடிவை எழுத்தில் வாங்குங்கள். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்டங்களில் ஆய்வுக்கூடங்கள் உண்டு. இங்கே பொதுச் சுகாதாரப் பொறியியல் துறைக்கும் உண்டு. உப்பு, சுண்ணாம்பு மட்டும் பார்த்தால் போதாது. ஆர்சனிக், பாதரசம், ஈயம், ஃபுளோரைடு எல்லாம் பார்க்கச் சொல்லுங்கள். தண்ணீர் எத்தனை அடியில் நிற்கிறது என்பதையும் தேதி போட்டுக் குறித்து வையுங்கள். அந்தக் காகிதம் பட்டாவோடு பத்திரமாக இருக்கட்டும்.

இரண்டாவது, பொது விசாரணைக் கூட்டம். பெரிய மின்நிலையத்துக்குச் சுற்றுச்சூழல் அனுமதி கொடுக்குமுன் 2006-ஆம் ஆண்டு அறிவிக்கையின்படி மக்களிடம் கருத்துக் கேட்க வேண்டும். நாம் ஹவுராவில் இருக்கிறோம், லீவு போட்டுப் போக முடியாது. ஆனால் எழுத்தில் கருத்து அனுப்ப நமக்கு உரிமை உண்டு. அந்தக் கடிதத்தை எழுதித் தரச் சங்கம் தயார்.

மூன்றாவது, மின்நிலையம் வந்துவிட்ட ஊர். அனுமதியின் நிபந்தனைகளை எப்படி நிறைவேற்றினார்கள் என்று நிறுவனம் ஆண்டுக்கு இருமுறை அறிக்கை கொடுக்க வேண்டும். தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய் கட்டணத்தில் அதைக் கேட்கலாம், கிணற்று நீர்ச் சோதனைகளையும் கேட்கலாம். சாம்பலை முழுவதும் பயன்படுத்தித் தீர்க்க வேண்டும் என்று 2021 டிசம்பர் 31 தேதியிட்ட மத்திய அரசு அறிவிக்கை சொல்கிறது. தவறினால் டன்னுக்கு 1000 ரூபாய் அபராதம். நம் ஊர்ச் சாம்பல் குளத்தில் எத்தனை டன் கிடக்கிறது, எவ்வளவு அபராதம் கட்டினார்கள் என்று கேட்பதில் என்ன தவறு?

நான்காவது, கையெழுத்து. தூரத்தில் இருப்பவனின் கையெழுத்தைத்தான் முதலில் வாங்குவார்கள். நிலத்தை விட்டு வந்தவனுக்குத் தண்ணீரின் அருமை மறந்திருக்கும் என்ற எண்ணம் அவர்களுக்கு. வெற்றுத் தாளில் கையெழுத்து வேண்டாம். விற்கும் அதிகாரத்தை வேறொருவருக்கு எழுதிக் கொடுக்கவும் வேண்டாம். வேலிக்கு வெளியே இருக்கும் கிணறு கெட்டால் குடிதண்ணீரும் பயிர்த் தண்ணீரும் யார் தருவது, எத்தனை ஆண்டுக்கு என்பது எழுத்தில் வரட்டும். ஊரில் உள்ள கூலிக் குடும்பங்களின் பெயர்ப் பட்டியலும் அதோடு வரட்டும். நமக்கு நான்கு காசு வருகிறது என்பதற்காக நம் சேரித் தோழர்களை வெறுங்கையோடு விட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுவது நம் சங்கத்துக்கு அழகல்ல.

லேத் பட்டறை நண்பர் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது தண்ணீரைச் சோதிக்கக் கொடுத்துவிட்டுத்தான் மறு பேச்சு என்று அண்ணன்மாருக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறார். அவர்களுக்குக் கொஞ்சம் வருத்தம்தான். இருக்கட்டும். சோதனைச் சீட்டு வந்ததும் அடுத்த கூட்டத்தில் அதைப் படிப்போம். ஊரில் கிணறு உள்ள மற்றக் குடும்பங்களும் தங்கள் ஊர்ப் பெயரைச் சங்கத்தில் பதிவு செய்யுங்கள். அந்த அம்மாள் கேட்ட கேள்வியை இனி அவர் ஒருவர் மட்டும் தனியாக நின்று கேட்க வேண்டியதில்லை.